நீர் நிரம்பிய பொருள்

அந்தப் புற்றுநோய் நிலையத்துக்குப் போன முதல் நாளே பேருந்து ஓட்டுநரை மூன்று இடத்தில் எடை போட்டார்கள். பதிவு மேசையில் எழுபத்தொரு கிலோ. இரத்தம் எடுக்கும் அறையில் அறுபத்தொன்பது. ஊசி போடும் பிரிவின் வாசலில் எழுபத்திரண்டரை. மூன்றும் மூன்று ரிஜிஸ்டரில் ஏறின.

"இதுல எதும்மா சரி?" என்று கேட்டார்.

"எல்லாமே சரிதான். அந்தந்த ரிஜிஸ்டருக்கு அது அது சரி" என்றாள் நர்ஸ்.

உயரத்தை இரண்டு தடவை பார்த்தார்கள். நெஞ்சையும் இடுப்பையும் நாடா போட்டு அளந்தார்கள். எல்லாம் முடிந்து கையில் கொடுத்த சிகிச்சைத் தாளில், மருந்தின் அளவு என்ற கட்டத்தில் 'இருநூறு' என்று அச்சகத்திலேயே அடித்து வந்திருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாளின் தாளை எட்டிப் பார்த்தார். அந்த அம்மாள் ஈரத்துணியோடு நின்றால்கூட நாற்பத்தைந்து கிலோ தேற மாட்டார். அவருக்கும் இருநூறு. எதிரே ஒருவர் ஒன்றரை நாற்காலியை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அதே.

"அப்புறம் எதுக்குங்க அத்தனை தடவை அளந்தாங்க?" என்றாள் மனைவி.

"அளக்கணும்ல" என்றார் ஓட்டுநர். ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை.

கணையத்தில் தொடங்கிய கட்டி, கல்லீரலில் ஏழெட்டு இடத்தில் கடை விரித்திருந்தது. கத்தி வைக்க வழியில்லை. நரம்பு வழியாக உள்ளே போய், கட்டியைத் தேடிப் பிடித்து, அதன்மேல் உட்கார்ந்து கதிர்வீசிச் சுடுகிற மருந்து ஒன்று இருக்கிறது, எட்டு வாரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி என்றார் பெரிய டாக்டர். போகிற வழியில் கொஞ்சம் சிறுநீரகத்திலும் தங்கும், அதையும் சுடும். எவ்வளவு தங்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதைப் படம் பிடித்து அளக்கத்தான் கீழ்த்தளத்தில் புதிய கேமரா வந்திருக்கிறது என்றும் சொன்னார்.

"அளந்து பாத்து, அதுக்குத் தகுந்த மாதிரி ஊசியைக் கூட்டிக் குறைச்சுப் போடுவீங்களா டாக்டர்?"

"அளப்போம்" என்றார் பெரிய டாக்டர். அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டு அடுத்த தாளை எடுத்தார்.

காத்திருக்கும் கூடத்தில் ஒரு தொலைக்காட்சி. அதில் இயக்குநரின் உரை நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப ஓடியது. "எங்கள் நிலையத்தில் ஒவ்வொரு நோயாளியும் ஒரு தனி உலகம். ஒவ்வொருவர் உடம்பிலும் மருந்து எங்கே, எவ்வளவு தங்குகிறது என்று தனித்தனியாக அளக்கிறோம். அதே சமயம், ஒருவருக்குக் கூட, ஒருவருக்குக் குறைய என்ற பாகுபாட்டுக்கு இங்கே இடமில்லை. அளவில் தனித்தன்மை, மருந்தில் சமத்துவம். இது எங்கள் கொள்கை."

நாற்பத்தைந்து கிலோ அம்மாள் தன் கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பில் ஒரு ஒற்றெழுத்தைச் சேர்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். முப்பத்தொரு வருடம் ஒரு அச்சகத்தில் பிழை திருத்தியவர். ஊழியர்கள் அவரைப் புரூஃப் அம்மா என்றார்கள். ஓட்டுநருக்கு அவர் முதல் வாரமே அக்கா ஆகிவிட்டார்.

"தம்பி, அந்த ஆளு பேசறதுல எழுத்துப் பிழை ஒண்ணுகூட இல்ல. மத்ததெல்லாம் பிழை" என்றார்.

ஊசி போட்ட அன்று ஓட்டுநரை ஈயத்தகடு பதித்த அறையில் ஒரு நாள் தனியாக வைத்தார்கள். மனைவி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையாட்டினாள். அதன்பிறகு மறுநாள், நாலாம் நாள், ஏழாம் நாள் என்று மூன்று தடவை கீழ்த்தளத்தில் படம். அங்கே இருந்தது ஒரே ஒரு பெண். இயற்பியல் படித்தவர். அளவு மேடம் என்று பெயர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஆனால் பேசும்போது கதவைப் பார்த்துப் பார்த்துப் பேசுவார்.

ஓட்டுநர் முக்கால் மணி நேரம் அசையாமல் படுத்தார். பிறகு திரையில் தன்னைப் பார்த்தார். பனிமூட்டம் மாதிரி ஒரு உடம்பு, கல்லீரல் பக்கம் கறுப்புக் கறுப்பாகத் திட்டுகள், முதுகுப் பக்கம் அவரைக்கொட்டை போல இரண்டு. அளவு மேடம் அந்த இரண்டையும் சுற்றி மவுஸால் கோடு வரைந்து கணக்குப் போட்டார். போட்டுவிட்டு ஒரு தாளை நீட்டினார். அதில் எண் எதுவும் இல்லை. 'அளக்கப்பட்டது' என்று நீல மையில் ஒரு முத்திரை.

"எவ்வளவும்மா?"

"அது ஃபைலுக்குப் போகும் அண்ணே. நோயாளிக்கு முத்திரை மட்டும்தான்."

இரண்டாவது ஊசிக்கும் மூன்று படம், மூன்று முத்திரை. கடைசிப் படம் முடிந்ததும் அளவு மேடம் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"அண்ணே, நான் சொல்லக் கூடாது. ஆனா உங்களுக்குத் தெரியணும். சிறுநீரகம் மொத்தமா இருபத்து மூணு கிரே கதிர் வரைக்கும் தாங்கும்னு வெச்சிருக்கோம். பொதுவா ஒரு ஊசிக்கு மூணு, நாலு வரும். உங்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஒம்பது."

ஓட்டுநர் விரல் விட்டு எண்ணினார். பதினெட்டு ஆகியிருந்தது. இன்னும் இரண்டு ஊசி. முப்பத்தாறு.

"டாக்டர்கிட்ட சொல்லலையா?"

"மூணு தடவை எழுதி அனுப்பினேன். மூணு தடவையும் 'பெறப்பட்டது'ன்னு வந்துச்சு."

அன்றிலிருந்து ஓட்டுநருக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிடும்போது எழுந்து நடந்தார். வாய் கொப்பளிக்கப் போனவர் எதற்கு வந்தோம் என்று மறந்து நின்றார். சிறுநீர் போகும்போதெல்லாம் நிறத்தைப் பார்த்தார். மனைவி இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள், "இங்க நடக்கறதை அங்க போய் நடங்க" என்று அவரைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

பதினாலாம் எண் அறையில் அளவீட்டுக் குழு. அதன் செயலாளர் மரியாதையாக உட்காரச் சொன்னார்.

"உங்க அளவு ரொம்ப துல்லியமா வந்திருக்கு. பாராட்டுகள்."

"அளவு கூட இருக்கு சார். அடுத்த ஊசியைக் குறைக்கணும்."

"குறைக்கறது எங்க வேலை இல்லையே. அளக்கறது வேற, மாத்தறது வேற. ரெண்டையும் ஒரே குழு செஞ்சா நடுநிலைமை கெட்டுப்போகும். சிகிச்சைக் குழுவைப் பாருங்க. எதிர் அறைதான்."

எதிர் அறை பதினைந்து. சிகிச்சைக் குழுவின் செயலாளரும் உட்காரச் சொன்னார்.

"தாராளமா குறைக்கலாம். அளவீட்டுக் குழுவோட இறுதி அறிக்கை வந்தா அன்னிக்கே குறைச்சுடுவோம்."

மறுபடி பதினாலு. "இறுதி அறிக்கையா? கண்டிப்பா தருவோம். நாலு ஊசியும் முடியணும். அதுக்கு முன்னாடி குடுத்தா அது இறுதி அறிக்கை ஆகாது பாருங்க, இடைக்கால அறிக்கை. அதை அவங்க ஏத்துக்க மாட்டாங்க."

"நாலும் முடிஞ்ச பிறகு எதைக் குறைப்பாங்க?" என்றாள் மனைவி.

செயலாளர் சற்று யோசித்தார். "நல்ல பாயிண்ட். எழுதிக் குடுங்க. அடுத்த வருஷ விதிமுறைத் திருத்தத்துல சேத்துக்கலாம்."

"நான் ஊசியே வேணாம்னு சொன்னா?"

"அதுக்குத் தனி படிவம் இருக்கு. கையெழுத்துப் போட்டா திட்டத்துலேர்ந்து விலக்கிடுவோம். அதுக்கப்புறம் கட்டிக்கும் எங்களுக்கும் எந்த சம்பந்தமும் கிடையாது."

கட்டி பாதிதான் சுருங்கியிருந்தது. ஓட்டுநர் படிவத்தை வாங்கவில்லை.

மூன்றாவது ஊசிக்கு முந்தின வாரம் தரச்சான்றுக் குழு பார்வையிட வந்தது. மூன்று பேர், கழுத்தில் அட்டை, கையில் பட்டியல். அவர்கள் முன்னால் பேச நன்றாக உடுத்தியிருந்த ஒரு நோயாளி தேவைப்பட்டார். ஓட்டுநர் பணிக்குப் போகிற வழியில் சீருடையோடு வந்திருந்ததால் அவரைப் பிடித்து மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். "ரெண்டு வார்த்தை நல்லதா சொல்லுங்க" என்றார்கள்.

ஓட்டுநர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "வணக்கம். என் சிறுநீரகத்துல தங்கறது மத்தவங்களைவிட ரெண்டு மடங்குக்கு மேல இருக்குன்னு அளந்திருக்காங்க. ஆனா அடுத்த வியாழக்கிழமையும் அதே இருநூறுதான் போடப் போறாங்க. ஏன்னு யாராவது சொல்லுங்க."

இயக்குநர் புன்னகையோடு எழுந்து ஒலிவாங்கியை வாங்கினார்.

"கவனித்தீர்களா? ஒரு சாதாரணப் பேருந்து ஓட்டுநர், தன் சிறுநீரகத்தில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று எண்ணோடு பேசுகிறார்! வேறு எந்த நிலையத்திலாவது நோயாளிக்குத் தனக்கு நேரும் கெடுதலைப் பற்றி இவ்வளவு துல்லியமாகத் தெரியுமா? அளவைப் பார்த்து மருந்தை மாற்றிக்கொண்டே இருந்தால் எங்கள் அளவுகளை எதனோடு ஒப்பிடுவது? நாங்கள் மாற்றுவதில்லை. அதனால்தான் எங்கள் அளவுகள் சுத்தமாக இருக்கின்றன."

கைதட்டல் எழுந்தது. தரச்சான்றுக் குழுத் தலைவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, புகார்ப் பெட்டி இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. டிக் அடித்துக்கொண்டார்.

ஓட்டுநர் படியிறங்கிக் கீழ்த்தளத்துக்குப் போனார். யாரிடமாவது கத்த வேண்டும் போல இருந்தது. அங்கே அளவு மேடம் கேமராவில் யாரையோ படுக்க வைத்து, போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தால் அது ஆளில்லை. கையும் காலும் தலையும் இல்லாத பிளாஸ்டிக் உடம்பு. உள்ளே தண்ணீர். தண்ணீருக்குள் சிறுநீரக வடிவத்தில் இரண்டு குப்பி. மார்பில் 'மாதிரி எண் 1' என்று ஒரு ஸ்டிக்கர்.

"கேமரா சரியா அளக்குதான்னு பாக்க இதுக்குள்ள மருந்தை ஏத்தி அளப்போம் அண்ணே. இன்னிக்குக் கொஞ்சம் அதிகமாப் போச்சு. குறைச்சு மறுபடி ஏத்தணும்."

"இதுக்குக் குறைக்கலாமா?"

"இது உபகரணம். உபகரணத்துக்கு நான் எழுதி, பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டாப் போதும். குழுவெல்லாம் வேணாம்."

ஓட்டுநர் அந்தப் பிளாஸ்டிக் உடம்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வாழ்க்கையில் யாரைப் பார்த்தும் அவருக்கு அவ்வளவு பொறாமை வந்ததில்லை.

மேலே வந்து இதைப் புலம்பியபோது, புரூஃப் அம்மா கூடத்தில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டிருந்த விதிமுறைப் புத்தகத்தை மடியில் வைத்திருந்தார். அவருக்கு மூன்று ஊசி முடிந்திருந்தது. முகம் இன்னும் ஒடுங்கியிருந்தது. புத்தகத்தில் நூற்றுப் பத்துப் பக்கம் திருத்திவிட்டார்.

"மாதிரின்னா சொன்னே? இரு." பக்கங்களைப் பின்னோக்கித் தள்ளினார். "இதோ. 'மாதிரி என்பது, கதிர்மருந்து செலுத்தப்பட்டு, படக்கருவியில் வைத்து அளக்கப்படும், நீர் நிரம்பிய எந்தப் பொருளையும் குறிக்கும்.' எந்தப் பொருளையும்னு போட்டிருக்கான். பிளாஸ்டிக்னு போடல." மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "தம்பி, மனுஷன் உடம்புல முக்கால்வாசி தண்ணிதானே?"

ஓட்டுநர் போய் மேலே கூட்டி வந்த அளவு மேடம் அந்த வரியை நாலு தடவை படித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"என் வேலை போயிடும் அக்கா."

"விதிப்படி நடந்ததுக்கு எப்படிம்மா வேலை போகும்? புத்தகத்தைக் காட்டு. நான் பாத்துட்டேன், அந்தப் பக்கத்துல பிழையே இல்ல."

அளவு மேடம் ஒரு தாளை எழுதி எடுத்துக்கொண்டு போனார். பெரிய டாக்டர் அதை வாங்கி முழுதாகப் படித்தார். 'மாதிரி எண் 2. செலுத்த வேண்டிய அளவு நூற்றுப் பத்து. அத்துடன் நிறுத்தம்.' கண்ணாடியைக் கழற்றினார். வாசலில் சீருடையோடு நின்ற ஓட்டுநரைப் பார்த்தார். தாளைப் பார்த்தார்.

"மாதிரிக்குத்தானே?"

"ஆமா சார்" என்றார் அளவு மேடம்.

"மாதிரின்னா எனக்கு ஆட்சேபணை இல்ல" என்று கையெழுத்துப் போட்டார். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது தலை நிமிரவில்லை. "இன்னும் வேற மாதிரி இருந்தாலும் கொண்டு வாங்க."

ஓட்டுநரின் முன்கையில் ஸ்டிக்கர் ஏறியது. இருப்புப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. உயரம், எடை, நிறம் இருந்தன. எடையில் மூன்றில் எதைப் போடுவது என்று அளவு மேடம் கேட்க, நீயே ஒன்று எடுத்துக்கொள் என்றார். வியாழக்கிழமை நூற்றுப் பத்து போட்டார்கள். சிறுநீரகத்தில் மேலும் ஐந்து. கூட்டினால் சரியாக இருபத்து மூன்று.

மாதிரி எண் மூன்று, புரூஃப் அம்மா. அவர் கதை நேரெதிர். சிறுநீரகத்தில் ஒன்றும் தங்கவில்லை, கட்டியிலும் தங்கவில்லை. மூன்று ஊசியும் அவருடைய கட்டிக்கு வெறும் தூறல்.

"உங்களுக்கு முதல்லேர்ந்தே கூட்டிப் போட்டிருக்கணும்" என்றபோது அளவு மேடத்தின் குரல் உடைந்தது. "முதல் படத்துலயே தெரிஞ்சது. எழுதினேன்."

"எழுதினது பெறப்பட்டிருக்கும்" என்றார் புரூஃப் அம்மா. "விடு. இருக்கற ஒண்ணைக் கூட்டிப் போடு."

முந்நூற்றைம்பது போட்டார்கள்.

விஷயம் காத்திருக்கும் கூடத்தில் காதும் காதும் வைத்த மாதிரி பரவியது. ஆண்டு முடிவதற்குள் பதிவேட்டில் பதினோரு மாதிரிகள். ஆண்டு அறிக்கையில் இயக்குநர் பெருமையோடு எழுதினார்: இத்தனை மாதிரிகளை வைத்திருக்கும் நிலையம் வேறெங்கும் இல்லை, அவற்றின் அளவுகள் வியக்கத்தக்க வகையில் பாதுகாப்பானவை, நோயாளிகளின் அளவுகள்தாம் இன்னும் அந்தத் தரத்தை எட்டவில்லை.

ஓட்டுநரின் கட்டிகள் சுருங்கி மிளகளவில் நின்றன. சிறுநீரகம் தன் வேலையைச் செய்தது. அவர் மறுபடி முழு நேரம் வண்டி ஓட்டினார். அப்படியிருக்க ஒரு நாள் வீட்டுக்குத் தபால் வந்தது. 'உபகரணம், மாதிரி எண் 2, ஆண்டு இருப்புச் சரிபார்ப்புக்கு ஆஜர்படுத்தப்பட வேண்டும்.'

மனைவி இரண்டு தடவை படித்தாள். "உங்களை நான் கொண்டுபோய்க் குடுக்கணுமா, நீங்களே போவீங்களா?"

காலை பத்து மணிக்குக் கீழ்த்தளத்தில் வரிசையாக நின்றார்கள். முதலில் பிளாஸ்டிக் உடம்பு ஒரு முக்காலியில். அடுத்து ஓட்டுநர். அவருக்கு அடுத்து ஓர் இடம் விட்டு மற்றவர்கள். சரிபார்ப்பு அதிகாரி வெளியிலிருந்து வந்தவர். எதற்கும் அதிர்ச்சி அடையாதவர். பேனாவோடு வந்தார்.

"மாதிரி ரெண்டு. நிலை?"

"நல்லா இருக்கேன் சார்."

"பழுது, விரிசல், கசிவு?"

"ராத்திரி ரெண்டு தடவை எழுந்துக்கறேன்."

"சிறு கசிவு" என்று எழுதிக்கொண்டார். "மாதிரி மூணு?"

அளவு மேடம் தரையைப் பார்த்தார்.

"அவங்க இறந்துட்டாங்க சார்" என்றார் ஓட்டுநர். "போன மாசம்."

"கேட் பாஸ் இல்லாம எப்படி வெளிய போச்சு?"

ஓட்டுநர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை. அதிகாரி ஒரு படிவத்தைப் பிரித்தார். இரண்டு பிரதி, நடுவில் கார்பன் தாள்.

"சரி, இழப்புன்னு காட்டிடலாம். காரணம் ஒண்ணு சொல்லணும். தேய்மானமா, விபத்தா, கவனக்குறைவா? மூணுதான் இருக்கு."

"கவனக்குறைவு" என்றார் அளவு மேடம். கதவைப் பார்க்காமல் சொன்னார்.

"விவரம்?"

"போதுமான மருந்து குடுக்கல. குடுக்கலன்னு முதல் ஊசிலயே அளந்து தெரிஞ்சுது. தெரிஞ்ச பிறகும் ரெண்டு தடவை அதையே குடுத்தாங்க. தேதியெல்லாம் என்கிட்ட இருக்கு, எழுதிக்குங்க."

அதிகாரி ஒன்றுவிடாமல் எழுதினார். அது அவர் தொழில். "நிலையத் தலைமையோட கையெழுத்து வேணும்."

இயக்குநர் விருந்தினர் சிலரை அழைத்துக்கொண்டு கேமராவைக் காட்ட அப்போதுதான் படியிறங்கி வந்தார். வரிசையில் நின்ற ஒன்பது பேரையும் பார்த்து, ஏதோ நலம் விசாரிக்க வந்த கூட்டம் என்று நினைத்துக் கும்பிட்டார். அதிகாரி படிவத்தை நீட்டினார்.

"என்ன இது?"

"மாதிரி ஒண்ணு குறையுது சார். இழப்புச் சான்று."

"ஒன்றுதானே? பதினொன்றில் ஒன்று. பரவாயில்லை, நல்ல விகிதம்" என்று விருந்தினரைப் பார்த்துச் சிரித்தபடி கையெழுத்துப் போட்டார். பெயர், பதவி, தேதி, முத்திரை.

மேல்தாள் ஃபைலுக்குப் போனது. "சாட்சிக்கு ஒரு நகல்" என்று கார்பன் பிரதியை அதிகாரி ஓட்டுநரிடம் கிழித்துக் கொடுத்தார்.

மதியம் வண்டி எடுக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஓட்டுநர் புரூஃப் அம்மாவின் வீட்டுக்குப் போனார். மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். மகள் கதவைத் திறந்தாள். நின்றபடியே தாளை வாங்கிப் படித்தாள். பாதியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மாவை மாதிரின்னு போட்டிருக்காங்க" என்றாள்.

"ஆமாம்மா."

"இத்தனை நாள் போய்க் கேட்டேன் மாமா. எல்லாம் சரியாத்தான் நடந்துச்சுன்னாங்க. ஒருத்தர்கூட இப்படிச் சொல்லல." தாளின் அடியில் இருந்த பெயரை விரலால் தடவினாள். "இவரே போட்ட கையெழுத்தா?"

"என் கண்ணு முன்னாடி போட்டார்."

அவள் தாளை மடிக்கவில்லை. எழுந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைப் பூட்டினாள்.

"நல்ல வக்கீல் யாராவது உங்களுக்குத் தெரியுமா மாமா?"

ஓட்டுநருக்கு ஒரு வக்கீலையும் தெரியாது. ஆனால் நீதிமன்ற வாசல் வழியாகத்தான் அவர் வண்டி தினமும் எட்டு தடவை போகிறது. "வாம்மா, இறக்கி விடறேன்" என்றார்.